அப்பாவின் கல்லறைக் கல்லில் என்ன வசனம் வெட்டுவது?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9:40

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் மண்மேடும் மரச் சிலுவையும்தான். மழைக்கு முன்னால் கல் வைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தார்கள். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

அண்ணனுக்கு "மகிமைக்குள் பிரவேசித்தார்" என்று வெட்ட வேண்டும். அம்மாவுக்கு "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". இரண்டும் ஒன்றுதானே என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் ஒன்றில்லை. அண்ணன் கணக்கில் அப்பா ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கணக்கில் இன்னும் தூங்குகிறார், யாரோ வந்து எழுப்ப வேண்டும்.

இன்று ஈஸ்டர். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அதிகாலை நாலரைக்கே கல்லறைத் தோட்டத்தில் கூடி, மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடிவிட்டு ஆலயத்துக்கு வந்தோம். பிரசங்கம் முக்கால் மணி நேரம். "கல்லறைக் கல்லைப் புரட்டியவர் உங்கள் கடன் என்னும் கல்லையும் புரட்டுவார், விழுந்த தொழில் எழும்பும்." ஆமென் சத்தம் பலமாகத்தான் இருந்தது. நான் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தையல்காரர். சர்க்கரையில் கடைசி மூன்று வருடம் இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. மிஷினை மிதித்து எங்களைப் படிக்க வைத்த கால். மோட்டார் மாட்டிக் கொடுத்தோம், அவர் தொடவே இல்லை.

"சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று வாரா வாரம் சொல்கிறேன். எந்தச் சரீரம்? கிறிஸ்து எழுந்ததால் என் அப்பாவுக்கு என்ன? எனக்கு இன்றைக்கு என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பூப்போட்ட வாட்ஸ்அப் படம் மட்டும் வேண்டாம்.

கோட்டாற்றுக்காரன்
ஞாயிறு, இரவு 10:05

ஆழ்ந்த அனுதாபம் தம்பி. சங்கீதம் 23, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" போட்டுவிடுங்கள். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள், சண்டை வராது.

பழைய உபதேசியார்
ஞாயிறு, இரவு 11:20

தம்பி, உங்கள் வீட்டுச் சண்டை சின்னச் சண்டை இல்லை. அப்போஸ்தலர் பவுல் கிரேக்க ஊரான கொரிந்தின் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்) 15ஆம் அதிகாரம் முழுக்க இதுதான். கி.பி. 50களின் நடுவில் எழுதியது, இயேசுவின் கதையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது. அந்தச் சபையார் இயேசு எழுந்ததை மறுக்கவில்லை, கவனியுங்கள். செத்துப்போன மற்றவர்கள் எழுவார்கள் என்பதைத்தான் மறுத்தார்கள். கிரேக்க புத்தி. உடம்பு ஒரு சிறை, ஆத்துமா பறந்தால் விடுதலை, மறுபடியும் அந்தச் சிறைக்கே எதற்கு? ஏதென்ஸிலும் பவுல் சொன்ன மற்றதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர்கள், மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்றதும் சிரித்துவிட்டார்கள்.

கிரேக்கனை ஏன் சொல்வானேன், நாமே போதும். அடக்க ஆராதனையில் "ஆத்துமா பரலோகம் போயாயிற்று, இது வெறும் கூடு" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வெறும் கூடு என்றால் அதை ஏன் குளிப்பாட்டினோம்? ஏன் புது வேட்டி கட்டினோம்?

பவுல் இயேசுவை "முதற்பலன்" என்கிறார். வயலில் முதலில் விளைந்த கதிரை அறுத்து ஆலயத்துக்குக் கொண்டுபோவார்களே, அது. மீதி வயல் பின்னால் வருகிறது என்பதற்கு அச்சாரம். அப்படியென்றால் ஈஸ்டர் அன்று நடந்தது இயேசு ஒருவருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை, உங்கள் அப்பா விஷயத்தில் பாதி வேலை தொடங்கியாயிற்று. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" (வீண்) என்ற வசனம் எல்லா ஈஸ்டர் பேனரிலும் இருக்கும். அதற்கு முந்தின வசனம் எந்தப் பேனரிலும் இருக்காது. மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை என்கிறது அது. இரண்டையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார்.

அம்மா சொன்ன "நித்திரை" பவுலின் சொல். சிமெட்ரி என்கிறோமே, அந்தச் சொல்லும் கிரேக்கத்தில் தூங்கும் இடம் என்ற பொருளில் வந்ததுதான். அண்ணனும் தப்பாகச் சொல்லவில்லை. தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனே இருக்க ஆசை என்று பிலிப்பியருக்கு எழுதியதும் இதே பவுல்தான். ஆனால் அது வழியில் இருக்கும் சத்திரம். போய்ச்சேர வேண்டிய ஊர் அது இல்லை.

கறுப்புச்சட்டை80
திங்கள், காலை 7:15

துக்கத்தில் இருப்பவரிடம் வாதம் செய்யக் கூடாதுதான். ஆனால் பொதுவில் கேட்டுவிட்டீர்கள், எனக்கும் வாய் சும்மா இருக்காது.

நான்கு சுவிசேஷங்கள், நான்கு கதைகள். கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அங்கே இருந்தது ஒரு வாலிபனா, ஒரு தூதனா, இரண்டு பேரா, எதிலும் ஒற்றுமை கிடையாது. பழையது என்று நீங்களே சொல்லும் மாற்கு, பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடினார்கள் என்பதோடு முடிகிறது. 16ஆம் அதிகாரம் 9 முதல் 20 வரை மிகப் பழைய சினாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லவே இல்லை. பின்னால் ஒட்டியது.

தாத்தா செத்து ஒரு வருடம் வரை என் பாட்டி அவரைத் திண்ணையில் பார்த்தாள். பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது. அதற்காக ஒரு மதம் தொடங்கவில்லை. இன்றைக்கு இந்த நம்பிக்கையால் என்ன பயன் என்று கேட்கிறீர்கள். "செத்த பிறகு எல்லாம் சரியாகும், இப்போதைக்குப் பொறுத்துக்கொள்" என்பதற்குப் பயன்பட்டிருக்கிறது. வேறு என்ன?

மறைக்கல்வி டீச்சர்
திங்கள், மதியம் 1:30

கறுப்புச்சட்டை ஐயா சொன்ன சுவடி விஷயம் உண்மைதான். நான் வகுப்பிலேயே சொல்வேன். ஒரு பையன், "பயந்து ஓடினதோட முடிஞ்சா நல்லா இருக்கு டீச்சர், சினிமா மாதிரி" என்றான். எனக்கும் அந்த முடிவுதான் பிடிக்கும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழும் அந்த நொடியை நான்கு நற்செய்தியாளர்களில் ஒருவரும் வருணிக்கவில்லை. பேதுரு பெயரில் இருக்கும், திருச்சபை ஏற்காத ஒரு நூலில் மட்டும் வானத்தை முட்டும் உயரத்தில் ஆட்கள் வெளியே வருகிறார்கள், பின்னால் சிலுவை நடந்து வந்து பேசுகிறது. கட்டுக்கதை எப்படி இருக்கும் என்று பார்க்க அதைப் படிக்கலாம். நற்செய்திகளில் இருப்பது காலியான கல்லறை, பயந்த பெண்கள், அவர்கள் சொன்னதை "வீண்பேச்சு" என்று தள்ளிய ஆண்கள். பெண்ணின் சாட்சியத்தை ஏற்கத் தேவையில்லை என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். ஊரை நம்ப வைக்கக் கதை கட்டுகிறவன் மகதலா மரியாவை முதல் சாட்சியாக வைப்பானா? (அவருடைய நினைவு நாளை அப்போஸ்தலர் விழாக்களுக்குச் சமமான விழாவாகத் திருத்தந்தை பிரான்சிஸ் உயர்த்தியது 2016இல். இவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்காதீர்கள்.)

பாட்டி கதைக்கு வருகிறேன். கி.பி. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராகப் போரிட்ட பார் கோக்பாவை மெசியா (யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர்) என்று நம்பியவர்கள் உண்டு. அவர் செத்ததும் கதை முடிந்தது. அழுதவர்கள் இருந்திருப்பார்கள், கனவில் கண்டவர்களும் இருந்திருப்பார்கள், எழுந்தார் என்று யாரும் சொல்லவில்லை. யூத நம்பிக்கையில் உயிர்ப்பு என்பது கடைசி நாளில் எல்லாருக்கும் சேர்த்து வருவது. நடுவில் ஒருவர் மட்டும் எழுந்தார் என்று சொல்ல அவர்களிடம் அச்சே இல்லை.

இதெல்லாம் நிரூபணம் இல்லை, எனக்குத் தெரியும். பிங்காஸ் லபீடே என்று ஒரு யூத அறிஞர் இருந்தார். இயேசு உயிர்த்தது நடந்த நிகழ்ச்சிதான் என்று ஏற்றுக்கொண்டார், கடைசிவரை யூதராகவே இருந்தார். ஆக "நடந்ததா" என்பதற்கு ஆமாம் என்று சொன்னால் மட்டும் ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிடுவதில்லை. யார் எழுப்பினார், யாரை எழுப்பினார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் பொதுமொழிபெயர்ப்பு விவிலியத்தில் "மூன்றாம் நாள் உயிருடன் எழுப்பப்பட்டார்" என்று இருக்கும். உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "உயிர்த்தெழுந்து". கிரேக்கத்தில் இருப்பது எழுப்பப்பட்டார்தான். படித்தால் சப்பென்று இருக்கும், ஆனால் அதில்தான் சாரம். ஒரு ஆளுநர் தீர்ப்பு எழுதி, ஊரறிய அம்மணமாக்கி, அடிமைக்குக் கொடுக்கும் தண்டனையைக் கொடுத்துக் கொன்றவரைக் கடவுள் எழுப்பிவிட்டார். கீழ்க்கோர்ட் தீர்ப்பு மேலே ரத்து. அந்த ஆளுநர் பிலாத்து நியாயமாகத் தண்டித்த வேறொரு குற்றவாளியைக் கடவுள் எழுப்பியிருந்தால் எனக்கு அது வெறும் அதிசயச் செய்தி.

சுவருக்கு அந்தப் பக்கம்
திங்கள், மாலை 6:50

டீச்சர் சொன்ன கீழ்க்கோர்ட்டைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் திருச்சிப் பக்கம். மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் பற்றிச் செய்தியில் படித்திருப்பீர்கள். தலித் கத்தோலிக்கர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம், நடுவில் சுவர். அது ஒன்று பேர் வாங்கிய சுவர். பேர் வாங்காத சுவர்கள், வேலிகள், "அந்த வரிசை உங்களுக்கு" என்னும் வாய்வழக்குகள் எத்தனையோ ஊரில் உண்டு.

என் தாத்தாவை அடக்கம் செய்த அன்று எனக்கு வயது பதினொன்று. "எக்காளம் தொனிக்கும், மரித்தோர் எழுந்திருப்பார்கள்" என்று வாசித்தார்கள். நான் அம்மாவிடம் கேட்டேன், "எக்காளம் ஊதினதும் தாத்தா சுவரேறிக் குதிக்கணுமாம்மா?" அம்மா வாயைப் பொத்தினாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

கறுப்புச்சட்டை ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் நான் உங்கள் பக்கம் வரவில்லை. ஆத்துமா மட்டும் போகிறது என்றால் அந்தச் சுவரால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆத்துமாவுக்கு ஏது சாதி என்று பேசிவிட்டு, உடம்பைத் தள்ளிப் புதைக்கலாம். அப்படித்தான் சமாளிக்கிறார்கள். தீட்டு என்று தள்ளியது உடம்பைத்தான். எழுப்பப்படுவதும் அதே உடம்பு என்றால் சுவர் கட்டியவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு ஈஸ்டர் அதற்காகத்தான் வேண்டும்.

கறுப்புச்சட்டை80
திங்கள், இரவு 8:10

தோழர், சுவரை இடிக்க உயிர்த்தெழுதல் தேவையில்லை. கடப்பாரை போதும். மற்றபடி சொன்னது புரிகிறது.

துபாய்த் தூரதேசி
திங்கள், இரவு 9:00

ஒரு சந்தேகம். சென்னையில் கல்லறைக்கு இடம் கிடைப்பது பெரும்பாடு. பெரியப்பாவைத் தகனம் செய்துவிட்டோம். சொந்தக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். எரித்தால் எழுவாரா, மாட்டாரா?

பழைய உபதேசியார்
திங்கள், இரவு 9:25

எழுவார். கடலில் போன மீனவர் எத்தனை பேர், சிங்கத்துக்குப் போட்ட சாட்சிகள் எத்தனை பேர். சாம்பலில் இருந்து முடியாதவருக்கு மண்ணில் இருந்தும் முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963இலேயே அனுமதித்துவிட்டது. சாம்பலைத் தூவ வேண்டாம், ஓர் இடத்தில் வையுங்கள் என்று மட்டும் 2016இல் சொன்னார்கள். முணுமுணுப்பவர்களை இடம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மீன்பாடும் ஊர்
செவ்வாய், காலை 6:30

நான் மட்டக்களப்பு. இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுத மனம் வரவில்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்), குண்டுகள் வெடித்த நாள். எங்கள் ஊரில் சீயோன் தேவாலயம், கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார், நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார், பிறகு ஹோட்டல்கள். 250 பேருக்கு மேல் போய்விட்டார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். நான் அந்தச் சபை இல்லை, மெதடிஸ்த. ஆனால் இது சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறுக்குக் கொரோனா, எல்லா ஆலயங்களும் பூட்டு. ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. அதற்கடுத்த வருசம்தான் போனேன். வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று பாட எழும்பினபோது தொண்டை அடைத்துவிட்டது. பாட்டு சத்தியமா பொய்யா என்று யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளும் ஒரு உயிர்த்த ஞாயிறு காலையில் இதைத்தான் பாடியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பிறகு கட்டுவாப்பிட்டிக்குப் போனேன். அங்கே உயிர்த்த ஆண்டவரின் சொரூபம் ஒன்று, குண்டு வெடித்தபோது தெறித்த இரத்தத்தோடு. அதைக் கழுவவில்லை, வெள்ளை பூசவில்லை. கண்ணாடிக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். உயிர்த்தவருடைய உடுப்பில் இரத்தம். கனநேரம் அங்கேயே நின்றேன்.

கடன் கல்லு புரளும், தொழில் எழும்பும் என்ற கதையை அந்த இடத்தில் நின்று ஒருவரும் கதைக்க ஏலாது. அதை மட்டும்தான் சொல்ல வந்தேன்.

தாமிரபரணிக்கரை
செவ்வாய், இரவு 10:15

அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி.

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவர் பற்றிய பதிவுக்கு மட்டும் "நம்ம ஊர்லயும்தான்" என்றார், அதற்கு மேல் பேசவில்லை. அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்கத் தயங்கியதை அவள் கேட்டுவிட்டாள். "தாத்தா எந்திரிக்கும்போது கால் இருக்குமா?" சிரிக்காமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

மறைக்கல்வி டீச்சர்
புதன், அதிகாலை 5:40

சிரிக்கவில்லை. ஆயர் அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டில் இதே கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வெட்டிய நகமும் முடியும் என்ன ஆகும், குண்டானவர் குண்டாகவே எழுவாரா என்றெல்லாம் அந்தக் காலத்துக் கறுப்புச்சட்டைகள் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றையும் நிதானமாக எடுத்துப் பேசுகிறார். மறைசாட்சிகளுக்கு வந்ததும் அழகான ஓர் இடம். வெட்டுப்பட்ட உறுப்புகள் திரும்பக் கிடைக்கும், ஆனால் கிறிஸ்துவுக்காகப் பட்ட காயங்களின் தழும்பு தெரியும், அது ஊனமாக இருக்காது, கௌரவமாக இருக்கும் என்கிறார்.

அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது? ஆணித் துளையைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமாவிடமிருந்துதான். உயிர்த்த இயேசுவை எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் கூடவே நடந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை, மகதலா மரியா தோட்டக்காரர் என்று நினைத்தார். அவ்வளவு மாறியிருக்கிறார். ஆனால் ஆணித் துளை மட்டும் மாறவில்லை. சாவை வென்றவருக்கு ஒரு துளையை மூடத் தெரியாதா?

எங்கள் கோவிலில் சனிக்கிழமை இரவு பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுமுன் அந்தந்த வருடத்தின் நான்கு எண்களை அதில் கீறுவார்கள். கூடவே ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார்கள், ஐந்து காயங்களுக்கு. சின்ன வயதில் எண்கள் எதற்கென்று புரியாது, காலண்டர் மாதிரி என்று நினைப்பேன். மீன்பாடும் ஊர் அக்கா சொன்ன சொரூபத்துக்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. இந்த வருடமும் காயமும் ஒரே மெழுகில்.

பிள்ளையிடம், இருக்கும் என்று சொல்லுங்கள். தாத்தா தைத்த கால் என்று எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள். இந்த இரண்டாவது என் சொந்தச் சரக்கு, அகுஸ்தினார் தலையில் கட்ட வேண்டாம்.

பழைய உபதேசியார்
புதன், காலை 10:00

"எனக்கு இன்றைக்கு என்ன" என்ற மூன்றாவது கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டோம்.

15ஆம் அதிகாரம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். "மரணமே! உன் கூர் எங்கே?" என்று உச்சத்துக்குப் போனவர், 58ஆம் வசனத்தில் சட்டென்று தரைக்கு வருகிறார். கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது. 14ஆம் வசனத்தில் வந்த அதே "விருதா", கிரேக்கத்திலும் அதே சொல்தான். உடம்பு ஒருநாள் எழும் என்றால், உடம்பால் செய்த வேலை குப்பைக்குப் போகாது. உங்கள் அப்பா மிதித்த மிஷின் அந்த வசனத்துக்குள் இருக்கிறது. கடப்பாரையும் இருக்கிறது, கறுப்புச்சட்டை ஐயா.

அடுத்த வரி இன்னும் வேடிக்கை. எக்காளம் ஊதி, மரணம் தோற்று, 16ஆம் அதிகாரம் முதல் வசனம்: தர்மப்பணம். எருசலேமில் இருக்கிற ஏழைகளுக்கு வாரத்தின் முதல் நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். முதல் நாள் என்றால் ஞாயிறு, அவர் எழுந்த கிழமை. மூச்சுகூட விடாமல் அதற்குப் போகிறார். "பொறுத்துக்கொள், செத்த பிறகு பார்க்கலாம்" என்று சொல்கிறவர் உண்டியல் கணக்கு எழுத மாட்டார். அதிகாரம் பிரித்தவர்கள் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள், நாம் கோட்டுக்கு மேலே மட்டும் ஈஸ்டர் என்று நினைத்துக்கொண்டோம்.

கல்லுக்கு என் யோசனை 43ஆம் வசனம்: "பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்." அம்மாவின் நித்திரையும் அண்ணனின் மகிமையும் அதற்குள் அடங்கும். அடக்கம் என்பதற்கு விதைப்பு என்று பவுல் பேர் வைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

தாமிரபரணிக்கரை
வெள்ளி, இரவு 9:20

வசனம் முடிவாகிவிட்டது. உபதேசியார் ஐயா சொன்னதேதான். அண்ணன் முதலில், "பலவீனம் என்று அப்பா கல்லிலா?" என்று முறைத்தான். அம்மா, "கடைசி மூணு வருஷம் தூக்கி உட்கார வச்சது நானு. பலவீனம்னே போடு" என்றதும் அடங்கிவிட்டான்.

கல் வெட்டுபவரிடம் இன்று போனேன். அவரிடம் இருக்கும் மாதிரியில் "தோற்றம்", "மறைவு" என்று தேதிக்கு மேலே இருக்கிறது. அதை மட்டும் மாற்றிப் பிறப்பு, இறப்பு என்று போடச் சொன்னேன். இவ்வளவு படித்த பிறகு மறைவு என்று போட மனம் வரவில்லை, இறப்பு என்றால் இறப்பு. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார், சங்கீதம் 23 போட்டால் மலிவு என்று சிபாரிசும் செய்தார். கோட்டாற்றுக்காரர் அண்ணாச்சிக்குச் சொந்தமோ என்னவோ.

கீழே ஒரு பெயருக்கு இடம் விடச் சொல்லிவிட்டார் அம்மா.

கறுப்புச்சட்டை80
வெள்ளி, இரவு 10:45

தம்பி, வெட்டுமுன் காகிதத்தில் எழுதி வாங்கிச் சரிபாருங்கள். எழுந்திருக்கும் என்பதில் 'ந்' விட்டுப்போக வாய்ப்பு உண்டு. எங்கள் அப்பா கல்லில் ஒரு புள்ளி போயிற்று, இருபது வருடமாக உறுத்துகிறது. பெயின்ட் அடித்தெல்லாம் சரிசெய்ய முடியாது.